துல்சாவில் அந்தக் கடைசி விநாடி யாருடையது?

கேள்வி இது: "2008இல் நடந்த அமெரிக்க மகளிர் செஸ் சாம்பியன்ஷிப்பின் கடைசி பிளிட்ஸ் ஆட்ட வீடியோவைப் பார்த்தேன். எதிராளி தன் நகர்வை முடிப்பதற்குள்ளேயே வென்றவரின் கை தன் காய்க்குப் போய்விடுகிற மாதிரி தெரிகிறது. தோற்றவர் ராஜாவைத் தட்டிவிட்டு எழுந்து போகிறார். அப்படி ஆடுவது விதிப்படி செல்லுமா? அந்தப் பட்டம் நியாயமாகக் கிடைத்ததுதானா?"

பட்டம் செல்லும். வென்ற அன்னா ஸடோன்ஸ்கி ஏமாற்றிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோற்ற இரினா க்ரஷ் கொதித்தது வீண் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்பீர்கள். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருக்கிறது. நான் பல வருஷமாக உள்ளூர்ப் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, நிற்கிறவன். பிளிட்ஸ், அதாவது ஆளுக்குச் சில நிமிடமே தருகிற அதிவேக ஆட்டம், நடக்கிற நாள் என்றால் ஆடுகிறவர்களைவிட எங்களுக்குத்தான் வியர்க்கும்.

முதலில் அந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2008 மே மாதம், ஓக்லஹோமா மாநிலத்துத் துல்சா நகரில் போட்டி. ஒன்பது சுற்று முடிந்தபோது க்ரஷும் ஸடோன்ஸ்கியும் சம புள்ளியில் நின்றார்கள். இருவரும் சோவியத் காலத்து உக்ரைனில் பிறந்தவர்கள். க்ரஷ் ஒடெசாவில் 1983இல் பிறந்து, ஐந்து வயதில் குடும்பத்தோடு நியூயார்க்குக்கு வந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். 14 வயதிலேயே, 1998இல், அமெரிக்க மகளிர் பட்டத்தை வென்றார். ஸடோன்ஸ்கி மரியுபோலில் 1978இல் பிறந்தவர். உக்ரைனுக்காக ஆடிவிட்டுப் பிறகு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். 2006 பட்டம் ஸடோன்ஸ்கிக்கு, 2007 பட்டம் க்ரஷுக்கு. ஆக, துல்சாவில் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் முந்தைய இரண்டு வருஷத்துச் சாம்பியன்கள். அதற்கும் முன்னால், 2004இல் கால்வியாவில் நடந்த ஒலிம்பியாடில் (நாடுகள் அணியாக மோதும் போட்டி), சூசன் போல்கர் தலைமையில் வெள்ளி வாங்கிய அமெரிக்க அணியில் இருவரும் சேர்ந்தே ஆடியிருக்கிறார்கள். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சமநிலையைப் பிரிக்க முதலில் ரேபிட் ஆட்டங்கள், பிளிட்ஸைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தருபவை. பிரியவில்லை. அடுத்து பிளிட்ஸ். அதிலும் பிரியவில்லை. கடைசியாக அர்மகெடான்.

அர்மகெடான் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆட்டம், கண்டிப்பாக ஒரு முடிவு வந்தே தீரும். வெள்ளைக் காய்க்காரருக்கு நேரம் அதிகம், ஆனால் அவர் வென்றே ஆக வேண்டும். கறுப்புக் காய்க்காரருக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா ஆனாலே அவர் வென்றதாகக் கணக்கு. துல்சாவில் வெள்ளை ஆடிய க்ரஷுக்கு 6 நிமிடம். கறுப்பு ஆடிய ஸடோன்ஸ்கிக்கு நாலரை நிமிடம். ஒவ்வொரு நகர்வுக்கும் இத்தனை விநாடி கூடும் என்கிற இன்கிரிமென்ட் கிடையாது. இருக்கிற நேரம் கரைந்தால் கரைந்ததுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 360 விநாடியும் 270 விநாடியும் சேர்ந்தால் 630. க்ரஷின் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது ஸடோன்ஸ்கியிடம் மிச்சம் இருந்தது 1 விநாடி. அதாவது இரண்டு பேரும் சேர்ந்து 629 விநாடியைச் செலவழித்துவிட்டார்கள். ஒன்பது சுற்று கிளாசிக்கல் (மணிக்கணக்கில் ஆடுகிற வழக்கமான செஸ்), பிறகு ரேபிட், பிறகு பிளிட்ஸ், அத்தனைக்கும் மேல் ஒரு வருஷத்துப் பட்டம், எல்லாம் அந்த மிச்ச ஒரு விநாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. க்ரஷ் ராஜாவைப் பலகையிலிருந்து தட்டிவிட்டு எழுந்து போனது அப்போதுதான்.

சில நாளில் அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தான் நகர்வை முடிப்பதற்கு முன்பே ஸடோன்ஸ்கி தன் நகர்வைத் தொடங்கிவிட்டார், அந்த நேரமெல்லாம் தன் கடிகாரத்தில் ஓடியது, வீடியோவே சாட்சி, ஆகவே இருவரையும் கூட்டுச் சாம்பியன்களாக அறிவிக்க வேண்டும் என்பது அவர் வாதம். முடிவு மாறவில்லை. பதிவேட்டில் 2008 சாம்பியன் ஸடோன்ஸ்கிதான்.

இப்போது விதி. இதில்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள், ஆடுகிறவர்களும் சேர்த்து.

செஸ்ஸில் ஒரு நகர்வுக்கு இரண்டு கட்டம் உண்டு. காயைப் புதுக் கட்டத்தில் வைத்துக் கையை எடுத்தால் நகர்வு ஆடப்பட்டுவிட்டது. கடிகாரத்தை அழுத்தினால் நகர்வு முடிந்தது. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்புத்தகம் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. பிரித்ததோடு விடாமல் இன்னொன்றும் சொல்கிறது: நகர்வை ஆடியவர் தன் கடிகாரத்தை நிறுத்த அனுமதிக்கப்பட வேண்டும், எதிராளி அதற்குள் அடுத்த நகர்வை ஆடிவிட்டாலும் சரி. இந்த வரியைத் திருப்பிப் படித்தால் என்ன தெரிகிறது? நீங்கள் காயை விட்ட பிறகு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன், எதிராளி ஆடிவிடுவது நடக்கக்கூடிய விஷயம் என்று விதியே ஒத்துக்கொள்கிறது. அது குற்றம் என்று சொல்லவில்லை. உங்கள் அழுத்தும் உரிமையை மட்டும் காப்பாற்றிக் கொடுக்கிறது.

ஆனால் நீங்கள் காயை விடுவதற்கு முன்பே எதிராளி காயை நகர்த்தினால் கதை வேறு. அது அவருடைய முறையே இல்லை. விரல் காயில் இருக்கிற வரைக்கும் அந்தக் காயை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எதிராளி முந்திக்கொண்டு ஆடினால் அந்த உரிமையைப் பறிக்கிறார்.

ஆக, உங்கள் கேள்விக்கு விடை அந்த இடைவெளியில் இருக்கிறது. கையை எடுத்த பிறகு, அழுத்துவதற்கு முன் என்றால் சரி. கையை எடுப்பதற்கு முன் என்றால் தப்பு. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம்? கால் விநாடி இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். இரண்டு கைகள் ஒரே பலகைமேல் பறந்துகொண்டிருக்கும்போது, இரண்டடி தள்ளி நிற்கிற ஆர்பிட்டரின் கண்ணுக்கு அது பிடிபடுமா? நான் நின்று பார்த்தவன் சொல்கிறேன், பிடிபடாது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வார்கள்.

நடந்து முடிந்த பிறகு முறையிடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிளிட்ஸில் ஏதாவது தப்பு நடந்தால் அப்போதே கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். சொல்வது சுலபம். ஐந்து விநாடி மிச்சம் இருக்கும்போது யாருக்கு அந்த நிதானம் வரும்? கை அடுத்த நகர்வுக்குப் போய்விடும். க்ரஷ் அந்த நிமிஷம் நிறுத்தவில்லை என்று குறை சொல்கிறவர்கள் ஒருமுறை கடிகாரத்தை வைத்து ஆடிப் பார்க்கட்டும். ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது. நிறுத்தாமல் ஆடிக்கொண்டே போனால், நடந்ததை ஏற்றுக்கொண்டு ஆடியதாகத்தான் ஆகும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தில் பிளிட்ஸ் போட்டி. மேலே மின்விசிறி சத்தம், பின்னால் சாப்பாட்டுக் கூடத்தில் பாத்திரம் உருளுகிற சத்தம். கடைசிச் சுற்றில் இரண்டு பெண் பிள்ளைகள், இருவருக்கும் பன்னிரண்டு பதின்மூன்று வயசு இருக்கும். நேரம் தலைக்கு இருபது விநாடிக்குள் வந்துவிட்டது. ஒரு பெண் சிப்பாயைக் கடைசி வரிசைக்குத் தள்ளினாள். ராணி எடுக்க வேண்டும். பலகை ஓரத்தில் ராணியைக் காணோம், அது எதிராளியின் இடது கைக்குள் இருந்தது. வெட்டின காய்களைக் கையிலேயே உருட்டிக்கொண்டு ஆடுகிற பழக்கம் அந்தப் பிள்ளைக்கு. இவள் சட்டென்று ஒரு யானையை எடுத்துத் தலைகீழாக வைத்து "க்வீன்" என்று சொல்லி அழுத்தினாள். வீட்டில், தெருவில் ஆடும்போது எல்லாரும் செய்வதுதான். ஆனால் போட்டி விதியில் கவிழ்த்து வைத்த யானை யானைதான். வாயால் ராணி என்று சொன்னாலும் அது ராணி ஆகாது. இரண்டு நகர்வு கழித்து அதை ராணி போல மூலைவாட்டில் நகர்த்தினாள். எதிர்ப்பக்கப் பெண் கையைத் தூக்கிவிட்டாள். விதிப்படி அது தவறான நகர்வு. முதல் தடவை என்பதால் எதிராளிக்கு ஒரு நிமிடம் கூடுதல் நேரம். அந்த ஒரு நிமிடத்தில் ஆட்டம் திரும்பிவிட்டது.

தப்பு என்மேலும் இருக்கிறது. ராணியைக் கைக்குள் வைத்திருந்ததை நான் பார்த்தேன், அப்போதே "காயை மேசையில வைம்மா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சிப்பாயைத் தள்ளினவளுக்கும் வழி இருந்தது: கடிகாரத்தை நிறுத்திவிட்டு "ராணி வேணும் சார்" என்று என்னைக் கேட்டிருக்கலாம், விதி அதை அனுமதிக்கிறது. பத்து விநாடி மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு அது தோன்றுமா என்ன. அவள் அழுதுகொண்டே அம்மாவிடம் போனதும், "சார், இது அநியாயம் சார்" என்று அப்பா என்னிடம் வந்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. அவருக்கு நான் விதியைக் காட்டினேன். அநியாயம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துல்சாவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த மண்டபம்தான் ஞாபகம் வரும். அங்கேயும் ஒரு தனி ஆளைக் குற்றவாளி ஆக்குவதில் பயன் இல்லை. பட்டத்தை இன்கிரிமென்ட் இல்லாத ஆறு நிமிட ஆட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் கோளாறு.

ஏன் என்று சொல்கிறேன். இன்கிரிமென்ட் இல்லாத கடிகாரத்தில் கடைசி அரை நிமிடம் செஸ் நடப்பதில்லை, கை ஓட்டம்தான் நடக்கிறது. ஒரு நகர்வுக்குக் கையைக் கொண்டுபோய், காயை நகர்த்தி, கடிகாரத்தைத் தட்ட அரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து விநாடி இருந்தால் முப்பது நகர்வு ஆடலாம். யோசிக்க நேரம் பூஜ்யம். யானையால் சும்மா செக் கொடுத்துக்கொண்டே இருக்கிறவர் பிழைப்பார், ராஜாவை நகர்த்த இடம் தேடுகிறவர் சாவார். பலகையில் யாருக்கு நல்ல நிலை என்பது அப்போது பேச்சே இல்லை. அதோடு விதியில் கை பற்றிய ஒழுங்கு வேறு இருக்கிறது. எந்தக் கையால் காயை நகர்த்தினோமோ அதே கையால்தான் கடிகாரத்தை அழுத்த வேண்டும். காய் சாய்ந்துவிட்டால் நம் நேரத்தில் நாமேதான் நிமிர்த்த வேண்டும், சாய்த்துவிட்டு அழுத்தக் கூடாது. கடிகாரத்தின்மேலேயே விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. இத்தனையையும் கடைசிப் பத்து விநாடியில் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஆட்டக்காரரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

அர்மகெடான் இந்தக் கோளாறைப் பெருக்கிக் காட்டுகிறது. சாதாரண பிளிட்ஸில் நிலை சமமாகிவிட்டால் இருவரும் கை குலுக்கிவிட்டுப் போகலாம். அர்மகெடானில் வெள்ளைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. சமமான நிலையிலும் அவர் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், எதிராளியின் நேரம் முடியும் என்ற நம்பிக்கையில். கறுப்புக்கோ பலகையில் எதுவும் சாதிக்க வேண்டாம், உயிரோடு இருந்தால் போதும். ஆக, இரண்டு பேரும் பலகையைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் அதிகம். ஸடோன்ஸ்கி அந்தச் சூழலில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார். நாலரை நிமிடத்தை வைத்துக்கொண்டு ஆறு நிமிடக்காரரை நேரத்தில் வீழ்த்துவது சின்ன வேலை இல்லை. அதற்கான மரியாதையை வீடியோவைப் பார்க்கிற யாரும் அவருக்குக் கொடுப்பதில்லை. எல்லார் கண்ணும் உருண்ட ராஜாமேல் போய்விடுகிறது.

அந்த ராஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வீடியோவைப் பகிர்கிறவர்கள் பாதிப் பேர் "பெண்கள் சண்டை" என்கிற தொனியில்தான் பகிர்கிறார்கள். 2025 ஜூனில் நார்வே செஸ் போட்டியில் நம்ம குகேஷிடம் தோற்றதும் கார்ல்சன் மேசையை ஓங்கிக் குத்தினாரே, காய்கள் எல்லாம் சரிந்தனவே, அதை யாராவது "ஆண்கள் சண்டை" என்று போட்டார்களா? அவ்வளவு ஆவேசம், அவ்வளவு ஈடுபாடு என்றுதான் எழுதினார்கள். இத்தனைக்கும் அது கிளாசிக்கல் ஆட்டம், ஒரு சுற்று. இங்கே போனது நாட்டுச் சாம்பியன் பட்டம். ராஜாவைத் தட்டிவிட்டது அழகான செயல் இல்லைதான். அதற்காக அந்த ஆட்டத்தை ஒரு குழாயடிச் சண்டை போலப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை.

துல்சாவுக்குப் பிறகு அமெரிக்கச் சாம்பியன்ஷிப் செயின்ட் லூயிஸுக்குப் போனது. 2010இல் ஆண்களும் ஆடிய பொதுப் பட்டத்துக்கு அர்மகெடான் வந்தபோது வெள்ளை ஆடிய ஷுல்மனுக்குக் கொடுத்த நேரம் 60 நிமிடம். கறுப்பை எடுத்த கம்ஸ்கி 25 நிமிடத்துக்கு ஒத்துக்கொண்டு ஆடினார், டிரா செய்து பட்டத்தைத் தூக்கிப் போனார். பெயர் அதே அர்மகெடான்தான். ஆனால் கை ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உட்கார்ந்து யோசித்து ஆடிய செஸ். என்னைக் கேட்டால், பட்டத்தைத் தீர்மானிக்க அர்மகெடான் வேண்டும் என்றால் இப்படித்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு வழி இன்கிரிமென்ட். இன்றைக்கு உலக பிளிட்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 விநாடி கூடும். கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஒரு விநாடி மிச்சம் இருக்கிறவருக்கு அந்த இரண்டு விநாடி மூச்சுக்காற்று. ஸடோன்ஸ்கியும் க்ரஷும் அந்த முறையில் ஆடியிருந்தால் ஆட்டம் பலகையில் தீர்ந்திருக்கும், கை முந்தியதா பிந்தியதா என்ற பேச்சு வந்திருக்காது.

அதற்காக இன்கிரிமென்ட் வந்துவிட்டால் நேரத்தில் தோற்கவே மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பர், மாஸ்கோ, உலக மகளிர் ரேபிட் சாம்பியன்ஷிப். குழந்தை பெற்றுக்கொள்வதற்காகச் சில வருஷம் ஒதுங்கியிருந்த கோனேரு ஹம்பி திரும்பி வந்து ஆடிய காலம். சீனாவின் லெய் டிங்ஜியோடு சமமாகி, பட்டத்துக்கு பிளிட்ஸ் டை-பிரேக், அதாவது சமநிலையைப் பிரிக்கிற ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் ஹம்பி நேரத்தில் தோற்றார். இரண்டாவதை வென்று சமன் செய்தார். மறுபடியும் அர்மகெடான், பட்டம் ஹம்பிக்கு. அவர் உலக ரேபிட் சாம்பியன் ஆனது பிளிட்ஸ் ஆடித்தான், யோசித்தால் வேடிக்கையான விஷயம்.

அதே இரண்டு பேர் 2025 ஜூலையில், ஜார்ஜியாவின் பதூமியில், மகளிர் உலகக் கோப்பை அரையிறுதியில் மோதினார்கள். கிளாசிக்கல் இரண்டும் டிரா. 15 நிமிட ஆட்டம் இரண்டும் டிரா. 10 நிமிட ஆட்டத்தில் முதலாவதை லெய் எடுத்தார், அடுத்ததை ஹம்பி எடுத்தார். பிறகு 5 நிமிடம், நகர்வுக்கு 3 விநாடி கூடும் பிளிட்ஸ். ஹம்பி இரண்டையும் வென்றார், மொத்தம் 5–3. அப்போது அவருக்கு வயது 38. பிளிட்ஸ் சின்னப் பசங்க விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஸ்கோரை நான் அடிக்கடி எடுத்துக் காட்டுவதுண்டு. (இறுதியில் 19 வயசு திவ்யா தேஷ்முக்கிடம் ரேபிட்டில் தோற்றார் என்பதையும் சொல்லாவிட்டால் நேர்மை ஆகாது.) இந்த 5–3இல் ஒரு ஆட்டத்தைப் பற்றிக்கூட "கை முந்திவிட்டது" என்ற புகாரை நான் கேள்விப்படவில்லை. ஆடுகிறவர்கள் சாதுவாகிவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. கூடுகிற மூன்று விநாடி அந்தப் புகாருக்கு இடம் விடுவதில்லை.

க்ரஷ் கேட்ட கூட்டுச் சாம்பியன் பட்டத்துக்கு வருவோம். 2008இல் அது கிடைக்கவில்லை, கொடுத்திருக்கவும் கூடாது என்றுதான் நான் நினைத்தேன். அர்மகெடானுக்கு ஒத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு முடிவு பிடிக்கவில்லை என்றால் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அப்புறம் வந்தது 2024 டிசம்பர் 31. நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் உலக பிளிட்ஸ் இறுதி. பொதுப் பிரிவில் கார்ல்சனும் நெப்போம்னியாச்சியும் நான்கு ஆட்டத்தில் 2–2, அதற்குப் பிறகு மூன்று டிரா. இனி ஆட வேண்டாம், பட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கேட்டார்கள், ஃபிடேயும் சரி என்றது. அதே மேடையில் மகளிர் இறுதி: ஜு வென்ஜுன், லெய் டிங்ஜி. அவர்களும் நான்கு ஆட்டத்தில் 2–2. ஐந்தாவதும் டிரா. ஆறாவதை ஜு வென்ஜுன் வென்று 3½–2½ என்று முடித்தார். அவர்கள் பகிர்ந்துகொள்ளக் கேட்கவில்லை, ஆடி முடித்தார்கள்.

அந்தப் போட்டியில்தான் சென்னை வைஷாலி 11 சுற்றுத் தகுதிக் கட்டத்தில் 9½ எடுத்து முதலிடத்தில் வந்தார். காலிறுதியில் ஜு ஜைனரை வென்றார். அரையிறுதியில் ஜு வென்ஜுனிடம் ½–2½ என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். பிளிட்ஸ் ஆட்டம் எப்படி ஆட வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால், துல்சா வீடியோவைவிட வைஷாலியின் அந்தத் தகுதிச் சுற்று ஆட்டங்களைத்தான் நான் போட்டுக் காட்டுவேன். எதிராளி யோசிக்கிற நேரத்திலேயே தன் அடுத்த நகர்வைத் தயாராக வைத்துக்கொள்வது எப்படி என்று அதில் தெரியும். முந்திக்கொண்டு ஆடுவது வேறு, முந்திக்கொண்டு யோசிப்பது வேறு. இரண்டாவதற்கு எந்த ஆர்பிட்டரும் தடை போட முடியாது.

கடைசியாக, முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். துல்சா நடந்தது மே மாதம். அதே வருஷம் நவம்பரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒலிம்பியாட். அமெரிக்க மகளிர் அணியில் க்ரஷும் இருந்தார், ஸடோன்ஸ்கியும் இருந்தார். பகிரங்கக் கடிதத்தின் மை காய்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாலு பலகை வரிசையாகப் போட்டிருக்கும், ஒரே பக்கம் உட்கார வேண்டும், இவர் தோற்றால் அவருக்கும் அடி. அமெரிக்கா வெண்கலம் வாங்கியது. அந்த நாட்களில் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்பதெல்லாம் நமக்குத் தேவையில்லாத விஷயம். ஆடினார்கள், பதக்கத்தோடு வந்தார்கள்.

பிறகும் விடவில்லை. 2009 பட்டம் ஸடோன்ஸ்கி, 2010 க்ரஷ், 2011 ஸடோன்ஸ்கி. 2012இல் மறுபடியும் இருவரும் முதலிடத்தில் சமம், மறுபடியும் டை-பிரேக். இந்தத் தடவை வென்றது க்ரஷ். அவருடைய பட்டியல் 2020 வரை நீண்டு மொத்தம் எட்டுப் பட்டம் ஆனது. 2013இல் கிராண்ட்மாஸ்டரும் ஆகிவிட்டார். ஸடோன்ஸ்கிக்கு 2008ஐயும் சேர்த்து நாலு.

வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள். ராஜா உருளுகிற இடத்துக்கு ஓடிவிடாதீர்கள். அதற்கு முந்தின அரை நிமிடத்தை மெதுவாக ஓடவிட்டு, க்ரஷின் விரல் காயை விடுகிற கணத்தில் நிறுத்துங்கள். ஸடோன்ஸ்கியின் கை அப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஆட்களை மாற்றி, ஸடோன்ஸ்கியின் விரல் விடும்போது க்ரஷின் கை எங்கே என்றும் பாருங்கள். இரண்டையும் பார்த்துவிட்டு, ஆர்பிட்டர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் எந்த நகர்வில் கடிகாரத்தை நிறுத்தியிருப்பீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.